இளைப்புக்கு அபின் ஊசி: திடீர் இதயச் செயலிழப்பில் மோர்பின் வந்த வழியும் மலையகமும்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ‘இளைப்பு’ என்ற ஒரே சொல் இரண்டு நோய்களுக்குப் பெயராக இருக்கிறது. சுவாசக் குழாய்கள் சுருங்கி நெஞ்சு விசிலடிக்கும் ஆஸ்துமாவும் இளைப்பு. இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து கதவைத் திறக்கச் சொல்லும் நிலையும் இளைப்பு. இதைப் படிக்காதவர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்களும் இரண்டாவதற்கு ‘இதய ஆஸ்துமா’ என்றுதான் பெயர் வைத்தார்கள். கண்ணுக்கும் காதுக்கும் இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கின்றன.

மருந்து என்று வரும்போதுதான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிகிறது. கடும் ஆஸ்துமாவில் மோர்பின் ஊசி போட்டால் மிஞ்சியிருக்கும் மூச்சும் அடங்கிவிடலாம். இதய இளைப்பிலோ அதே ஊசி நூறு ஆண்டுகளுக்கு மேலாக முதல் வரிசை மருந்தாக இருந்தது. அது அந்த இடத்துக்கு எப்படி வந்தது, யாரும் சோதிக்காமலே எப்படி நிலைத்தது, 1980களிலிருந்து எந்தச் சான்றுகள் அதை அசைத்தன என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் நின்று அந்த வரலாற்றைப் படித்தால் தென்படுவது என்ன என்பதே இதன் கேள்வி. நான் வந்தடைந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மோர்பின் தந்த நிம்மதியை மருத்துவம் நெடுங்காலம் குணமென்றே எண்ணியிருந்தது. வைத்தியர் அருகில் இல்லாத இடத்தில் அந்த எண்ணத்தின் ஆபத்து அதிகம்.

1869

அபின் பாலிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த இளைஞர் அவர். 1827இல் மெர்க் நிறுவனம் அதை வணிகமாகத் தயாரிக்கத் தொடங்கியது. 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசியைக் கையாண்டார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் மூச்சுத் திணறும் நோயாளிக்கு, வாய்வழி மருந்து வாந்தியாகிவிடும் என்று கவலைப்படாமல், சில நிமிடங்களில் மோர்பின் கொடுக்க முடிந்தது.

1869இல் லீட்ஸ் நகர வைத்தியர் கிளிஃபர்ட் ஆல்பட், இதய நோய்களில் மோர்பின் ஊசியின் பயனைப் பற்றி ‘தி பிராக்டிஷனர்’ இதழில் எழுதினார். உட்கார்ந்தே இரவைக் கழிக்கும் இதய நோயாளிகளுக்கு ஊசி தந்த ஆறுதலை வைத்தியர்கள் பரவலாக அறிந்துகொள்ள அந்தக் கட்டுரை வழி செய்தது. அடுத்த ஆண்டே அதே ஆல்பட் அதே இதழில் ஊசி மோர்பின் தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றி எச்சரித்தார். புகழ்ந்த கையே எச்சரித்தும் எழுதிய இந்த நேர்மையை மருந்தின் வரலாற்றை எழுதுவோர் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்பட்டின் முதல் கட்டுரை பாடநூல்களுக்குள் போனது. இரண்டாவது, போதைப் பழக்கம் பற்றிய தனி விவாதமாக ஒதுங்கிவிட்டது. இதய இளைப்புக்கு மோர்பின் பாதுகாப்பானதா என்ற கேள்வியை அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு யாரும் முறையாகக் கேட்கவில்லை.

இலங்கை மலைநாட்டுக்கும் 1869 மறக்க முடியாத ஆண்டுதான். கோப்பிச் செடிகளின் இலையில் துருநோய் கண்டது அந்த ஆண்டில். அதற்கு 2 ஆண்டுகள் முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த அந்தக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளரின் மரணங்கள் அரசால் மறைக்க முடியாத அளவை எட்டியிருந்தன. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான முதல் கட்டளைச் சட்டம் வந்தது. மோர்பின் ஊசி ஐரோப்பிய வைத்தியரின் பையில் இடம்பிடித்ததும் மலையகத்தில் மேற்கத்திய மருத்துவம் சட்டமாக நுழைந்ததும் ஒரே காலத்தில் நடந்தவை.

தோட்டத்து மருந்துப் பெட்டி

குடியேற்ற நாடுகளுக்கு அபின் முதலில் வந்தது இதயத்துக்கான மருந்தாக அல்ல, வயிற்றுக்கான மருந்தாக. இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஜோன் கொலிஸ் பிரவுண் வாந்திபேதிக்குச் செய்த ‘குளோரடைன்’ என்ற கலவையில் அபின் சாறும் கஞ்சாவும் குளோரோஃபோமும் இருந்தன. பேரரசு முழுவதும் அது கடைச்சரக்காக விற்றது. நாட்டு வைத்தியத்திலும் அபின் புதிதல்ல. வேதனையையும் பேதியையும் அடக்கும் பொருளாக அதை நம் பக்கத்து வைத்தியர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

தோட்டங்களில் மருத்துவ ஏற்பாடு எப்படி அமைந்தது என்பது இந்த ஆய்வுக்கு முக்கியம். 1872ஐத் தொடர்ந்து 1880களிலும் 1912இலும் சட்டங்கள் திருத்தப்பட்டன. தோட்டம் தொழிலாளருக்கு மருந்தும் கவனிப்பும் தர வேண்டும், மாவட்ட வைத்திய அதிகாரி மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது ஏட்டில் இருந்த வடிவம். நடைமுறையில் தோட்டத்துத் தொழிலாளி சந்தித்த ‘டொக்டர் ஐயா’ பல தலைமுறைகளாகப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். முன்னாளில் அவர் டிஸ்பென்சர், பின்னாளில் தோட்ட மருத்துவ உதவியாளர். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவர்தான். நள்ளிரவில் ஒருவர் மூச்சு முட்டி நுரை கக்கினால், அது எந்த இளைப்பு என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவர்தான். ஈசிஜியோ எக்ஸ்ரேயோ இல்லை. ஒரு ஸ்டெதஸ்கோப்பும் டோர்ச் வெளிச்சமும் அவரது அனுபவமும்தான் கையில் இருந்தன.

அந்த மக்களின் இதயங்கள் தளர்வதற்குக் காரணங்கள் குறைவில்லை. 1916இல் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது தோட்டங்களில்தான். வெறுங்காலோடு மலைச்சரிவில் நடந்தவர்களின் குடலில் அந்தப் புழு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடித்தது. இரத்தம் மிகவும் வற்றினால் இதயம் இரட்டிப்பு வேலை செய்து ஒரு கட்டத்தில் தோற்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும். நெருக்கமான லயக்காம்பராக்களில் தொண்டைப் புண் ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றுவது எளிது. அதன் வழியே வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கும். வால்வு சுருங்கிய பெண் கர்ப்பமாகும்போது நுரையீரலில் நீர் கோப்பது பழைய பாடநூல்கள் எல்லாம் விவரிக்கும் காட்சி. இன்று இவற்றின் இடத்தில் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் நீரிழிவும் அதிகம் நிற்கின்றன. மாதாந்தக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய ‘பேர்’ (நாள் சம்பளம்) போய்விடும் என்று தவிர்ப்பவருக்கு மாத்திரை தீர்ந்துபோகிறது. கருவாட்டு உப்பும் சேர்ந்துகொண்டால் மீதி வேலையை அது செய்துவிடுகிறது.

சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபினி, அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் மோர்பினைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1984இல் அது திருத்தப்பட்டபோது கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடம் வந்தது; அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டில் உருவானது. நோக்கம் சரியானதே. ஆனால் மோர்பின் என்றாலே காவல்துறை நினைவுக்கு வரும் மனநிலையும் அதோடு சேர்ந்து வேரூன்றியது. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

நிம்மதியும் குணமும்

மோர்பின் உள்ளே போனதும் நடப்பதைப் புரிந்துகொண்டால், தலைமுறை தலைமுறையாக நல்ல வைத்தியர்கள் ஏன் அதை நம்பினார்கள் என்பது விளங்கும். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்ததும் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. மூச்சு முட்டியதும் பயம் வருகிறது. பயத்தில் உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது, நாளங்கள் இறுகுகின்றன, தளர்ந்த இதயம் இன்னும் பெரிய எதிர்ப்பை நோக்கி இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சுழலை மோர்பின் அறுக்கும் என்பதே வாதம். பயம் அடங்கும், நாளங்கள் விரியும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். கால் கிரெயின் ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளி அமைதியாவதை வைத்தியர் கண்ணால் பார்த்தார். அந்தக் காட்சியின் வலிமைக்கு எதிரே எந்த ஐயமும் நிற்கவில்லை.

அன்றைக்கு மாற்று வழிகளும் அதிகமில்லை. கைகால்களை மாறி மாறிக் கட்டி இரத்தத்தைத் தேக்குவது, நரம்பை வெட்டி இரத்தம் வடிப்பது, டிஜிட்டாலிஸ் கொடுப்பது என்ற அளவில்தான் இருந்தது. 1936இல் லண்டனில் பூல்டன் என்ற வைத்தியர், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, முகமூடி வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி இதய ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்தார். இன்றைய சீபாப் இயந்திரத்தின் மூதாதை அது. அந்தச் சிறந்த யோசனை அரை நூற்றாண்டு ஓரமாகக் கிடக்க, ஊசி மட்டும் தொடர்ந்தது. 1960களில் சிறுநீர் பெருக்கியான ஃபுரோசமைட் வந்தது; நாளங்களை விரிக்கும் நைட்ரேட்டுகள் பரவின. மோர்பின் விலகவில்லை. மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த எல்-எம்-என்-ஓ-பி என்ற சூத்திரத்தில், லேசிக்ஸுக்கு (ஃபுரோசமைட்டின் வணிகப் பெயர்) அடுத்த ‘எம்’ அதுதான்.

நாளங்கள் விரிவது உண்மையா என்று 1976இல் விஸ்மாராவும் உடன் ஆய்வாளர்களும் நுரையீரலில் நீர் கோத்த நோயாளிகளிடம் அளந்தார்கள். சிரைகள் தளர்ந்தது உண்மை. ஆனால் அப்படித் தேங்கிய இரத்தத்தின் அளவு சிறியது. நோயாளி தெளிவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அப்படியானால் தெளிந்ததாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, திணறலை உணரும் மூளையைத் தணித்ததுதான். திணறலுக்குக் காரணமான நீர் நுரையீரலிலேயே இருந்தது. மூச்சை இழுக்கச் சொல்லும் உந்துதல் மட்டும் குறைந்தது.

எண்கள் பேசத் தொடங்கியபோது

1987இல் ஹொஃப்மனும் ரெய்னொல்ட்ஸும் அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் வந்த 57 நோயாளிகளிடம் நைட்ரோகிளிசரின், மோர்பின், ஃபுரோசமைட் ஆகியவற்றை வெவ்வேறு சேர்க்கைகளில் ஒப்பிட்டார்கள். நைட்ரோகிளிசரின் பயன் தந்தது. மோர்பின் கூடுதலாக எதையும் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது. ஆய்வு சிறியது என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 1998இல் இஸ்ரேலில் கொட்டர் குழுவினர் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், நைட்ரேட்டை அதிகமாகவும் ஃபுரோசமைட்டைக் குறைவாகவும் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கே செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. மாற்றிப் பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்குத் தேவைப்பட்டது. அந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் தொடக்கத்திலேயே மோர்பின் கொடுக்கப்பட்டது. அதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை.

பெரிய அதிர்ச்சி 2008இல் வந்தது. அமெரிக்காவின் அடியர் (ADHERE) என்ற இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் இருந்த 1,47,362 அனுமதிகளைப் பீகொக் குழுவினர் அலசினார்கள். மோர்பின் பெற்றவர்கள் 20,782 பேர், அதாவது 14.1 சதவீதம். அவர்களில் 13 சதவீதத்தினர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள், பெறாதவர்களில் 2.4 சதவீதம். செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்கள் முறையே 15.4, 2.8 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. மோர்பின் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? அதிகம் திணறுபவருக்கு, அதிகம் பயந்தவருக்கு, சில வேளை இனிக் காப்பாற்ற முடியாது என்று வைத்தியர் மனதுக்குள் முடிவு செய்தவருக்கு. இறப்பு அதிகமாக இருப்பதற்கு மருந்து காரணமா, நோயின் கடுமை காரணமா? 2011இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு இந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது. ஒரே அளவு நோயுற்றவர்களை இணை இணையாக வைத்துப் பார்த்தபோது மோர்பினுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு மங்கிவிட்டது. ஆனால் 2017இல் ஸ்பெயினின் மீரோ குழுவினர் 6,516 நோயாளிகளிலிருந்து 275 இணைகளைப் பொருத்திப் பார்த்தபோது தொடர்பு மீண்டும் தெரிந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் மோர்பின் பிரிவில் 20 சதவீதம், மற்றதில் 12.7 சதவீதம். இதற்கிடையில், பிரித்தானியாவின் முகமூடிச் சுவாச ஆய்வில் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவிலிருந்து இன்னொரு செய்தி 2010இல் வந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது: ஓபியாய்டு (மோர்பின் வகை மருந்து) பெற்றவர்களின் மூச்சுத்திணறல் மற்றவர்களைவிட அதிகம் தணியவில்லை. அந்த ஊசியின் பேரில் நாம் நம்பிய ஒரே நன்மையும் அளந்து பார்த்தபோது கைக்கு அகப்படவில்லை.

சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்துச் செய்த நேரடிச் சோதனை 2022இல்தான் வெளியானது. ஸ்பெயினின் மீமோ ஆய்வு திடீர் இதயச் செயலிழப்பில் பதற்றமும் திணறலும் உள்ளவர்களுக்கு மோர்பினையும் பதற்றம் தணிக்கும் மிடசோலமையும் ஒப்பிட்டது. 111 பேரோடு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மருத்துவமனை இறப்பில் ஐயமற்ற வேறுபாடு இல்லை. ஆனால் கடுமையான பாதக விளைவு மோர்பின் பிரிவில் 42.9 சதவீதத்தினருக்கும் மிடசோலம் பிரிவில் 18.2 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. ஆய்வு சிறியது, மருந்தில்லா ஒப்பீட்டுப் பிரிவும் அதில் இல்லை. இருந்தும் திசை தெளிவு.

வழிகாட்டிகள் மெல்ல நகர்ந்தன. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2014இல் ஓபியாய்டுகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2016இல் ‘எச்சரிக்கையோடு கருதலாம்’ என்ற இடத்தில் நின்றது. 2021இல் வழக்கமான பயன்பாடு வேண்டாம், கடும் வலியோ அடங்காத பதற்றமோ உள்ள சிலருக்கு மட்டும் என்றது.

உயரமும் பாதையும்

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் நடந்தவை. பக்கத்தில் முகமூடிச் சுவாச இயந்திரமும் தீவிர சிகிச்சைக் கட்டிலும் இருந்தன. மூச்சு அடங்கினால் மோர்பினை முறிக்கும் நலொக்சோன் கொடுத்து மீட்க ஆளும் இருந்தார்கள். அங்கேயே தீங்கு தெரிகிறதென்றால் மலையகத்தில் என்ன?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஆரோக்கியமானவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நுரையீரலில் நீர் கோத்தவருக்கோ கையிருப்பு ஏற்கனவே கரைந்துவிட்டது. இரத்தத்தின் ஒட்சிசன் அளவு செங்குத்தாகச் சரியும் விளிம்பில் அவர் நிற்கிறார். கொழும்பில் சமாளிக்கக்கூடிய சிறிய மூச்சுத் தளர்வு இங்கே அவரைச் சரிவில் தள்ளிவிடலாம். இது உடற்றொழிலியலிலிருந்து நான் செய்யும் ஊகம்தான். ஆனால் ஊசியைக் கையில் எடுப்பவர் நினைவில் வைக்க வேண்டிய ஊகம்.

பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். லயத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து, டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய்ச் சேர வேண்டும். தேவையானால் அங்கிருந்து கண்டி. 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் கொண்ட டிக்கோயா மருத்துவமனை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. இவை பெரிய மாற்றங்கள். என்றாலும் வளைந்து வளைந்து போகும் வண்டியில் மயங்கியபடி வாந்தியெடுக்கும் நோயாளி, அந்த வாந்தியை மூச்சுக்குள் இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. மோர்பின் வாந்தியையும் தரும், மயக்கத்தையும் தரும். மயங்கியவருக்கு அழுத்தக் காற்று முகமூடியைப் பொருத்துவதும் கடினம். எனவே ‘மேலிடத்துக்கு அனுப்பும் முன் ஒரு ஊசி’ என்ற பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அது நிற்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, குறைவு தெரிந்தால் ஒட்சிசன் கொடுத்து, இரத்த அழுத்தம் இடம் கொடுத்தால் நாக்கின் கீழ் நைட்ரேட்டும் நரம்பு வழி ஃபுரோசமைட்டும் தருவது சிறிய மருத்துவமனையிலும் முடியும். பயத்தைத் தணிக்கும் இன்னொரு வழி, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மொழியில் பேசுவது. தமிழ் தெரிந்த ஆள் இரவுப் பணியில் இருக்கிறாரா என்பதும் ஆகவே ஒரு மருத்துவக் கேள்வி.

அதே மருந்து, வேறு இரவு

இவ்வளவையும் படித்த நிர்வாகி ஒருவர் மோர்பினே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது இன்னொரு கொடுமை. புற்றுநோயின் கடைசி மாதங்களில் வேதனையோடு லயக்காம்பராவில் கிடப்பவருக்கு வாய்வழி மோர்பினுக்கு நிகரான மருந்து அரிது. மோர்பின் என்றாலே காவல்துறையை நினைக்கும் மனநிலையின் விலையைக் கொடுப்பவர் இவர்தான். 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பின் இருந்தது. உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட 298.5 தொன் ஓபியாய்டில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன் என்று 2017இல் லான்செட் ஆணைக்குழு கணக்கிட்டது. இந்த இடைவெளி நம்மையும் தொடும் விடயம்.

நாட்பட்ட இதயச் செயலிழப்பின் இறுதிக் கட்டம் இவற்றுக்கு நடுவே நிற்கிறது. 2002இல் 10 நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், குறைந்த அளவு வாய்வழி மோர்பின் மூச்சுத்திணறலைக் குறைத்தது; 2011இல் 35 பேரிடம் நடந்த ஆய்வில் அந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே அங்கே முடிவு நோயாளியைப் பார்த்து, குடும்பத்தோடு பேசி, மெல்ல எடுக்க வேண்டியது. காப்பாற்றக்கூடிய ஒருவரின் நள்ளிரவுத் திணறலும், பல மாதம் அறிந்த நோயாளி ஒருவரின் கடைசி வாரமும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே விதி எழுதினால் ஒருவருக்கு மருந்து ஆபத்தாகும், மற்றவருக்குக் கிடைக்காமல் போகும். இலங்கையின் 2019–2023 நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திட்டம் இந்த இரண்டாவது தேவையை ஏற்றுக்கொண்டது. தோட்டங்களின் டிஸ்பென்சரி வரைக்கும் அந்தப் பராமரிப்பு வந்து சேர்ந்தால்தான் அந்த ஏற்புக்கு மலையகத்தில் அர்த்தம்.

மலைநாட்டிலேயே செய்யக்கூடிய ஆய்வு ஒன்று காத்திருக்கிறது. அபாயகர மருந்துகளுக்கான விடுதிப் பதிவேட்டில் ஒவ்வொரு மோர்பின் குப்பியும் யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படுகிறது. நோயாளியின் கட்டில் சீட்டில் ஒட்சிசன் அளவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இதயச் செயலிழப்போடு வந்தவர்களின் இந்த இரண்டு தாள்களையும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் சேர்த்து வைத்துப் படித்தால், ஊசிக்குப் பின் அடுத்த ஒரு மணி நேரத்தில் மலை உயரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அந்தத் தாளில் இன்னொரு நிரலும் சேர வேண்டும்: நோயாளி லயத்திலிருந்து புறப்பட்ட நேரம்.